முயல்களோடு எல்லை தாண்டிக் கண்காட்சிக்கு: காரா, விமானமா, அடுத்தவர் கையா, வெறுங்கையா?

எல்லைக்கு அந்தப் பக்கம் பெரிய முயல் கண்காட்சி என்று அறிவிப்பு வந்துவிட்டால் மனசு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் நம் இனத்தில் நாலு முயல் சேர்ந்தாலே பெரிய விஷயம். அங்கே முப்பது, நாற்பது முயல் நடுவர் மேசைக்கு வரும். போக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள்கூட எப்படிப் போவது என்பதில் மாட்டிக்கொள்கிறார்கள். சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போவதா, விமானமா, அங்கே போகிற இன்னொருவரிடம் கொடுத்து அனுப்புவதா, முயல்களை வீட்டில் விட்டுவிட்டு நாம் மட்டும் போய்ப் பார்த்து வருவதா?

விமானத்தைத் தவிர மற்ற மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். நான் முதல் முறை போனபோது போகும் வழியெல்லாம் சுமுகம். கால்நடை மருத்துவர் கொடுத்த சான்றைப் பார்த்தார்கள், கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள், பத்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். திரும்பும்போது இரவு பதினொரு மணி. "நீங்கள் கொண்டுபோன முயல்கள்தான் இவை என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று பணியில் இருந்த அலுவலர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் சான்றில் 'வெள்ளை, பெண், 1' என்ற அளவில்தான் எழுதியிருந்தது. காதில் பச்சை குத்திய எண்ணையும் எழுதுங்கள் என்று மருத்துவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஒவ்வொரு முயலாக வெளியே எடுத்து மடியில் வைத்து, இடது காதை விரித்துப் பிடித்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துக் காட்டினேன். அந்த வெளிச்சத்தில் காது செக்கச்செவேலென்று ஆகும். நரம்புகளுக்கு நடுவே எண் தெரியும். மூன்று முயல்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது. நான்காவதில் கடைசி எண் 7 மாதிரியும் இருந்தது, 1 மாதிரியும் இருந்தது. அந்த ஒரு கோட்டுக்காக இரண்டரை மணி நேரம் நின்றோம். கைபேசியில் பழைய படம் ஒன்று கிடைத்ததால் வீடு வந்து சேர்ந்தோம். அதிலிருந்து எந்தக் கண்காட்சி என்றாலும் நான் கணக்கைத் திரும்பும் வழியிலிருந்துதான் போடத் தொடங்குகிறேன். எல்லையை இரண்டு முறை தாண்ட வேண்டும்; இரண்டாவதுதான் கஷ்டமானது.

## எதை வைத்து முடிவு செய்வது

திரும்பி வர விடுவார்களா. போகிற நாட்டின் விதியை எல்லாரும் விசாரிப்பார்கள். சொந்த நாட்டுக்குள் மறுபடி நுழைய என்ன விதி என்று கேட்பவர்கள் குறைவு. உங்கள் முயலாகவே இருந்தாலும், எல்லை தாண்டிப் போய்விட்டால் பல இடங்களில் அது வெளியிலிருந்து வரும் விலங்குதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து பிரிட்டனுக்குள் வரும் முயலுக்கு நான்கு மாதத் தனிமைக் காப்பு. ஆஸ்திரேலியா நியூசிலாந்திலிருந்து மட்டுமே முயலை அனுமதிக்கிறது. நாட்டு எல்லைதான் என்று இல்லை, மாநில எல்லையும் காலை வாரிவிடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வீட்டில் முயல் வளர்க்கலாம். கோடு தாண்டிக் குயின்ஸ்லாந்துக்குள் போனால் வளர்ப்பதே சட்டவிரோதம். அங்கே மேஜிக் வித்தைக்காரர்கள் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாம், அது வேறு கதை.

நோய். இருப்பதிலேயே பெரிய கவலை இதுதான். முயல் இரத்தக்கசிவு நோய் 1984இல் சீனாவில் முதலில் தெரியவந்தது. அதன் இரண்டாவது வகை, ஆர்எச்டிவி-2, 2010இல் பிரான்ஸில் தலைகாட்டியது. பழைய வகை இளங்குட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. புதியது அவற்றையும் கொல்கிறது, காட்டு முயல் இனங்களுக்கும் தாவுகிறது. 2018இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்தது. 2020இல் நியூ மெக்சிகோவில் தொடங்கி அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் பரவியது. பல நேரங்களில் அறிகுறி எதுவும் தெரியாது. மாலையில் நன்றாக இருந்த முயல் காலையில் செத்துக் கிடக்கும். இந்த வைரஸ் முயல் மூலமாக மட்டும் பரவுவதில்லை. செருப்பு, சட்டை, கூண்டுக் கம்பி, புல், ஈ என்று எதில் வேண்டுமானாலும் ஏறி வரும். வெளியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அப்புறம் கொசுவாலும் தெள்ளுப்பூச்சியாலும் பரவும் மிக்ஸோமடோசிஸ் என்ற இன்னொரு முயல் நோய் வேறு.

வெயிலும் நேரமும். முயலுக்கு வியர்க்காது. சூட்டை வெளியேற்ற அதற்குப் பெரிதும் உதவுவது காதுதான். 10 முதல் 20 டிகிரி வரை சுகமாக இருக்கும். 30ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. அதற்கு வாந்தியும் வராது. பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் தின்னாமல் உட்கார்ந்துதான் காட்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் குடல் நின்றுபோகிறது என்று பொருள்; உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அங்கே ஜெயித்தால் இங்கே செல்லுமா. இதைக் கேட்காமலே பணம் கட்டிவிடுகிறார்கள். அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கமான ஆர்பா கனடாவிலும் அங்கீகாரக் கண்காட்சிகளை அனுமதிக்கிறது. அதனால் அங்கே எடுக்கும் 'லெக்' (சாம்பியன் பட்டத்துக்குக் கணக்கில் சேரும் ஒரு வெற்றி) இரு பக்கமும் செல்லும். கிராண்ட் சாம்பியன் ஆக மூன்று லெக் வேண்டும். ஒரு பிரிவில் முதலிடம் வந்து லெக் எடுக்க, குறைந்தது மூன்று பேர் கொண்டுவந்த ஐந்து முயல்களாவது அந்தப் பிரிவில் இருக்க வேண்டும். அரிதான இனம் வைத்திருப்பவர்கள் எல்லை தாண்ட நினைப்பதற்கு இந்த எண்ணிக்கை ஒரு முக்கியக் காரணம்.

சங்கமே வேறு என்றால் நிலைமை தலைகீழ். ஆர்பா முயலுக்கு இடது காதில் பச்சை குத்தியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் ரேபிட் கவுன்சில் முறையில் பின்னங்காலில் வளையம். குட்டியாக இருக்கும்போதே மாட்டினால்தான் உண்டு. வளர்ந்த காலில் ஏறாது. பெயரை நம்பியும் போக முடியாது. பிரிட்டனில் 'மினி லாப்' என்று சொல்வதன் நெருங்கிய உறவு அமெரிக்காவில் 'ஹாலந்து லாப்'. அமெரிக்காவின் மினி லாப் வேறு, அதைவிடப் பெரியது, கிட்டத்தட்ட 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். ஒரே பெயர், இரண்டு இனம். பதிவுப் படிவத்தில் பெயரைப் பார்த்து மட்டும் டிக் அடித்தால் மேசையில் வைத்ததும் வெளியேற்றிவிடுவார்கள்.

பணம். நுழைவுக் கட்டணம் இருப்பதிலேயே சின்னச் செலவு. மருத்துவர் சான்று, தடுப்பூசி, முயலை அனுமதிக்கும் விடுதி அறை, திரும்பி வந்ததும் தனியாக வைக்கக் கூண்டு என்று ஒவ்வொன்றாக ஏறும்.

| வழி | பயணத்தில் முயல் யார் கண்ணில் | பெரிய ஆபத்து | எப்போது சரி |
|---|---|---|---|
| சொந்தக் கார் | உங்கள் கண்ணில் | திரும்பும் எல்லை, சூடு | ஒரு நாள் தூரம், ஒரே சங்கம் |
| விமானம் | பெரும்பாலும் யார் கண்ணிலும் இல்லை | சூடு, தாமதம், ரத்து | விற்கவோ வாங்கவோ ஒருவழிப் பயணம் |
| இன்னொருவர் கையில் | அவர் கண்ணில் | மற்றவர் முயலின் நோய், ஆவணக் குழப்பம் | அனுபவசாலி, மிகச் சில முயல்கள் |
| முயல் இல்லாமல் | பயணமே இல்லை | செருப்பிலும் துணியிலும் வரும் வைரஸ் | முதல் முறை போகிறவருக்கு |

## சொந்தக் காரில்

வழி முழுக்க முயலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம். காது சாய்ந்து, மூக்கு விரிந்து, வாயோரம் ஈரமாகத் தெரிந்தால் அது சூட்டின் அடையாளம். அந்த நிமிடமே வண்டியை ஓரம் கட்டி, காதை நனைத்துக் காற்று படும்படி வைக்கலாம். இதை வேறு எந்த வழியிலும் நம்மால் செய்ய முடியாது.

ஒரு முயலுக்கு ஓர் அறை, கம்பித் தளம், கீழே தட்டு. கூடப் பிறந்தவையாக இருந்தாலும் சேர்த்து வைக்காதீர்கள். வண்டிக்குள் பயந்தால் கடித்துக்கொள்ளும். தண்ணீரை உறையவைத்த புட்டிகளைத் துணியில் சுற்றி ஒவ்வோர் அறையிலும் ஒன்று வைத்தால் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். எல்லை வரிசையில் வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க நேரிடும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். நான் இப்போதெல்லாம் விடிவதற்குள் எல்லையைத் தாண்டும்படி புறப்படுகிறேன்.

யாரும் சொல்லாத ஒரு தொல்லை, புல். பல எல்லைகளில் காய்ந்த புல்லையும் வைக்கோலையும் உள்ளே விட மாட்டார்கள். பூச்சி, களை விதை, மண் என்று காரணம் இருக்கிறது. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று போனால், திடீரென்று மாறிய தீவனத்தில் முயலின் வயிறு கெட்டுப் போட்டி நாளன்று கழிந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கம் கிடைக்கும் அதே பெல்லட் (குருணைத் தீவனம்), அதே வகைப் புல் இந்தப் பக்கமும் கிடைக்கிறதா என்று பார்த்து, பத்து நாளுக்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிவிடுங்கள். தண்ணீரின் ருசி மாறினாலே குடிக்காத முயல்கள் உண்டு, அதனால் வீட்டுத் தண்ணீரும் ஒரு கேன் இருக்கட்டும்.

எடையையும் பார்க்க வேண்டும். நெதர்லாந்து டுவார்ஃப் மாதிரிக் குட்டை இனங்களுக்கு மேல் வரம்பு உண்டு, 1.13 கிலோவைத் தாண்டினால் கதை முடிந்தது. ஃபிளெமிஷ் ஜயன்ட் மாதிரிப் பெரிய இனங்களுக்குக் கீழ் வரம்பு. பயணத்தில் தின்னாமல் இளைத்தால் வரம்பை ஒட்டி நிற்கும் பெரிய இன முயல் அதற்குக் கீழே இறங்கிவிடும். வீட்டில் சரியாக இருந்த எடை நடுவரின் தராசிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு மறைவான கண்ணி, விற்பனை. கண்காட்சியில் இரண்டு குட்டியை விற்றுவிட்டால் பெட்ரோல் செலவு வந்துவிடும் என்று எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. விற்கக் கொண்டுபோகிறீர்கள் என்றால் உங்கள் பயணம் வணிகக் கணக்கில் சேர்ந்து, படிவம், கட்டணம், சோதனை எல்லாம் மாறலாம். நான்கு முயலோடு போய் மூன்றோடு திரும்பினால் கேள்வி வரும். அங்கே ஒன்றை வாங்கிக்கொண்டு வருவது இன்னும் மோசம். சொந்த முயல்கள் ஊர் திரும்புகின்றன, அந்த ஒன்று மட்டும் இறக்குமதி. தாள் சரியில்லாத ஒன்றுக்காக எல்லா முயல்களோடும் நிற்க வேண்டியிருக்கும்.

காரில் போவது எப்போது சரி? ஒரு பகல் அல்லது ஓர் இரவுப் பயணம், இரு பக்கமும் செல்லுகிற சங்கம், நான்கைந்து முயல்களுக்குள். இந்த மூன்றும் பொருந்தினால் யோசிக்கவே வேண்டாம். தூரம் இரண்டு நாள் என்றால் நான் தயங்குவேன்.

## விமானத்தில்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பல விமான நிறுவனங்கள் பயணிகள் அறையில் நாயையும் பூனையையும்தான் அனுமதிக்கின்றன. முயலுக்குச் சரக்கு அறைதான் வழி. வெயில் காலத்தில் ஓடுதளத்தின் வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சரக்கில் உயிர் விலங்குகளை ஏற்ற மறுப்பதும் வழக்கம். போகும்போது ஏற்றியவர்கள் திரும்பும்போது மறுத்தால் அந்நிய ஊரில் முயலோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மயக்க மருந்து கொடுத்து அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். மூச்சும் உடல் வெப்பமும் தாறுமாறாகும். நாய்க்குச் செய்வதுபோல் பயணத்துக்கு முன் பட்டினி போடவும் கூடாது. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு நல்ல ஆண் முயலைக் கடல் தாண்டி வாங்கி வருகிறீர்கள், திரும்பி அனுப்பும் பேச்சே இல்லை, இனத்துக்குப் புது இரத்தம் வேண்டும் என்றால் விமானத்துக்கு அர்த்தம் இருக்கிறது. ஒரு நாள் போட்டிக்காக என்றால் இல்லை.

## இன்னொருவரிடம் கொடுத்து அனுப்புவது

கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. வருடம் நாலு முறை அந்தப் பக்கம் போகிற அனுபவசாலி. எல்லை அலுவலகத்தின் நடைமுறை அவருக்கு அத்துப்படி. செலவையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். நான் ஒரு முறை இரண்டு முயலை இப்படி அனுப்பி, நல்லபடியாகத் திரும்பி வந்தன.

இருந்தாலும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அவர் வண்டியில் உங்கள் முயல் மட்டும் போவதில்லை. ஐந்தாறு வீட்டு முயல்கள் ஒரே காற்றை, ஒரே ஈயைப் பகிர்ந்துகொண்டு பல மணி நேரம் போகின்றன. கண்காட்சி அரங்கில் ஏற்படும் தொற்று வாய்ப்பு வழியிலேயே ஒரு முறை ஏற்பட்டுவிடுகிறது. ஒருவருடைய முயலுக்குச் சான்றில் தேதி தவறினால் எல்லாருடைய முயலும் நிற்கும். உரிமையாளர் கூட இல்லாமல் போகும் விலங்குக்கு எழுத்தில் அதிகாரக் கடிதம் தேவைப்படலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்பவர் என்றால் அது வணிகப் போக்குவரத்தாகவே எண்ணப்படலாம்.

கொஞ்சம் அசிங்கமான கேள்விதான், ஆனாலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: வழியில் முயல் நோய்வாய்ப்பட்டால் எவ்வளவு வரை மருத்துவச் செலவு செய்யலாம், உங்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால் யார் முடிவெடுப்பது? நண்பர்களுக்குள் இதை எழுதி வைக்காமல் பேச்சுவார்த்தையே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

## முயல் இல்லாமல் போவது

புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். முகம் சுளிப்பார்கள். முயல் இல்லாமல் முயல் கண்காட்சியா?

ஆனால் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒரு நாள் முழுக்கக் கேட்பதற்கு ஈடே இல்லை. ஆர்பா முறையில் நடுவர் முயல்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டு, முதுகைத் தடவி, பின்பகுதியைப் பிடித்துப் பார்த்து, குறைநிறைகளை வாய்விட்டுச் சொல்வார். பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். ஜெர்மன் முறையில் ஒவ்வொரு முயலுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட்டு அட்டையைக் கூண்டிலேயே மாட்டுவார்கள். முயல் இரண்டு மூன்று நாள் அரங்கக் கூண்டிலேயே, அக்கம்பக்கத்து முயல்களோடு இருக்கும். ஒரு நாளில் முடிகிற போட்டிக்கும் இதற்கும் நோய் வாய்ப்பில் எவ்வளவு வித்தியாசம் என்பது நேரில் பார்த்தால்தான் உறைக்கும். உங்கள் முயல் அந்த வரிசையில் எங்கே நிற்கும் என்பதும் தெரிந்துவிடும். எனக்கு அப்படித் தெரிந்தது: ஏழாவதாக நின்றிருக்கும். ஒரு வருடப் பெட்ரோல் மிச்சம்.

முயல் வராததால் நோயும் வராது என்று நினைத்துவிட வேண்டாம். அரங்கில் நாற்பது முயலைத் தொட்ட கையோடும் புல் ஒட்டிய செருப்போடும் நேராக வீட்டுக் கூண்டுக்குப் போனால் முயலைக் கொண்டுபோய் வந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. செருப்பு தனிப் பையில், துணி நேரே துவைக்க, குளித்த பிறகுதான் கூண்டுப் பக்கம். அழுக்கை முதலில் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் இந்த வைரஸ் சாகும். கடையில் கிடைக்கும் சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு இது மசியாது.

## தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முயலோடுதான் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டால் அதற்கப்புறம் எல்லாம் நாள்காட்டி வேலை. சொந்த நாட்டின் கால்நடைத் துறைக்கு முதல் கடிதம் போடுங்கள்: "கண்காட்சிக்குப் போய் இத்தனை நாளில் திரும்பும் முயலுக்கு என்ன வேண்டும்?" பதில் எழுத்தில் வந்த பிறகு நுழைவுக் கட்டணத்தைக் கட்டலாம்.

பல தடுப்பூசிகள் முழுமையாகப் பிடிக்க மூன்று வாரம் ஆகும். அமெரிக்காவில் 2021இல் அவசர அனுமதி பெற்ற ஆர்எச்டிவி-2 தடுப்பூசி மூன்று வார இடைவெளியில் இரண்டு தவணை. அப்படியானால் முதல் ஊசி கண்காட்சிக்கு ஆறு ஏழு வாரத்துக்கு முன்பு. மருத்துவர் சான்று மட்டும் கடைசியில்தான் வாங்க வேண்டும். அது செல்லுபடியாகும் நாள் குறைவு. சீக்கிரம் வாங்கினால் திரும்பும் தேதிக்குள் காலாவதியாகிவிடும். போகிற நாளை வைத்து எண்ணாமல் திரும்புகிற நாளை வைத்து எண்ணுங்கள். ஒவ்வொரு முயலின் காது எண்ணும் அல்லது வளைய எண்ணும் சான்றில் இருக்கட்டும். மங்கிப்போன எண் இருந்தால் இரண்டு மாதம் முன்பே மறுபடி குத்திவிடுங்கள்.

திரும்பியதும் போன முயல்களுக்குத் தனி இடம், தனித் தட்டு, தனித் துடைப்பம். இரண்டு வாரம் போதும் என்பவர்கள் உண்டு. நான் முப்பது நாள் வைக்கிறேன். அத்தனை நாளும் தீவனம் முதலில் வீட்டிலேயே இருந்த முயல்களுக்கு, கோப்பை வாங்கி வந்தவை கடைசியில்தான்.